கிராண்ட் அண்ணையின் இங்கிலீஷ்

அயர்லாந்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காமல் முழு ஐரிஷ்காரராகிவிட்ட ஒரே யாழ்ப்பாணத்தார் எங்கள் கிராண்ட் அண்ணைதான். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

இரண்டாயிரங்களில் சென்னையிலிருந்து மாண்ட்ரியாலுக்குப் படிக்கப் போன நான், அந்நகரின் லாசால் பகுதியில் அவருடைய அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அண்ணை ஊரிலிருந்து வந்து இறங்கியபோது அவருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. பக்கத்து மெஷினில் நின்றவர் டெக்லன் என்ற ஐரிஷ்காரர். தனிக்கட்டை. அவருக்குப் பேச ஆள் வேண்டும், அண்ணைக்கு மொழி வேண்டும். பல வருஷம் அருகருகே நின்றதில் டெக்லனின் ஆங்கிலம், அந்த இழுவை உட்பட, அண்ணையின் வாய்க்குக் குடிவந்துவிட்டது. உலகம் முழுக்க ஆங்கிலம் இப்படித்தான் என்று மனதார நம்பினார்.

சோறு அடிப்பிடித்தாலும், பரவாயில்லை என்பதற்கு ‘கிராண்ட்’. மூக்கு உறைகிற குளிரும் ‘கிராண்ட்’. குழம்பு இன்னும் விடட்டுமா என்றால், போதும் என்பதற்கும் ‘கிராண்ட்’. கார் கிளம்பாவிட்டால் ‘பான்ஜாக்ஸ்ட்’. பெயர் வாயில் வராத சாமான் எல்லாம் ‘யோக்’. ஒருநாள் அந்த யோக்கை எடுத்து இந்த யோக்கில் பூட்டச் சொன்னார். நான் சமையலறைக் குழாயைக் கழற்றிவிட்டேன். அவர் சொன்னது வாக்யூம் கிளீனரை.

ஒரு பனிக்காலத்தில், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரெஞ்சுக்காரர், கார் நிறுத்துமிடத்தில் பனி அள்ள உதவிக்கு வர முடியுமா என்று அண்ணையிடம் கேட்டார். அண்ணை சிரித்தபடி ‘ஐ வில், யா’ என்றார். பாவம், அந்த மனிதர் பனி அள்ளும் இரண்டு மண்வாரிகளோடு காலை முழுக்கக் காத்து நின்றார். அண்ணை உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வரேன்னு சொல்லிட்டு இங்க உக்காந்திருக்கீங்க?"

"நான் எப்ப வாறன் எண்டனான்? ‘ஐ வில், யா’ எண்டால் வரமாட்டன் எண்டுதானே அர்த்தம். சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

ஐரிஷ்காரச் சின்னப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும் என்று விளக்கினேன். வெளியே நிற்பவரை ஜன்னல் வழியாகப் பார்த்தார். உடனே கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய், முழு இடத்தையும் அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டெக்லனுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அண்ணை என்னையும் கூட்டிப் போனார். இளம் நர்ஸுக்குப் பிரெஞ்சுதான் சரளம். பெரியவருக்கு நினைவு தடுமாறிவிட்டது, சாப்பாட்டையும் தொடுவதில்லை என்று வருந்தினாள். ‘பிரெஸ், பிரெஸ்’ என்று கேட்கிறார், செய்தித்தாள் கொண்டுவந்து கொடுத்தால் வீசி எறிகிறார் என்றாள். இனித் தனியாக வாழ விடாமல், நினைவு தப்பியவர்களுக்கான இல்லத்துக்கு அனுப்புவதா என்று மருத்துவர் மறுநாள் முடிவு செய்வதாக இருந்தது.

அண்ணை குனிந்து டெக்லனின் வாயருகே காதை வைத்தார்.

"தம்பி, இவர் பேப்பர் கேக்கேல்லை. பிரெஸ் எண்டால் அலுமாரி. இவரின்ர பல்செட் அதுக்குள்ளயாம்."

எனக்குத் தெரிந்த வகுப்பறை பிரெஞ்சில் சொன்னேன். நர்ஸ் கட்டிலருகே இருந்த அலமாரியைத் திறந்தாள். பல்செட் இருந்தது, மூக்குக்கண்ணாடியும் இருந்தது. அவள் தலையில் கைவைத்துச் சிரித்து, பெரியவரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அன்று டெக்லன் சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

மறுநாள் மருத்துவர் வந்தார். அவருக்கு ஆங்கிலம் ஓரளவுதான் தெரியும், டெக்லனின் ஆங்கிலம் அறவே புரியாது. அண்ணை அதை ஆங்கிலத்தில் விளக்கினால் அதுவும் அதே ஆங்கிலம். ஆகவே டெக்லன் சொல்ல, அண்ணை தமிழாக்க, நான் பிரெஞ்சாக்கினேன். ஊர், தெரு, வீட்டுச் சாவி இருக்கும் இடம் எல்லாம் சரியாக வந்தன. கடைசியாக, பக்கத்தில் இருப்பவர் யார் என்று மருத்துவர் கேட்டார்.

‘தட்ஸ் ஹிம்செல்ஃப்’ என்றார் டெக்லன்.

அண்ணை மொழிபெயர்க்கவில்லை. என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் டெக்லனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.

"எங்கட வீடுகளில பேர் சொல்லாம ‘அவர்’ எண்டு சொல்லுவினம் எல்லே. வீட்டில பெரிய ஆளை. அதுதான்."

டெக்லன் தன் வீட்டுக்கே திரும்பினார். அண்ணை தினமும் வேலை முடிந்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனார். படிப்பு முடிந்து நான் சென்னைக்கு வந்துவிட்டேன். இப்போதும் தொலைபேசி அடித்தால் என் மனைவி எடுத்துப் பார்த்துவிட்டு, மாண்ட்ரியாலிலிருந்து அவர் கூப்பிடுகிறார் என்பாள். எந்த அவர் என்று நான் கேட்டதே இல்லை.