நிழல்கோட்டை மூன்றும் எமன் வேஷமும்

இந்த மாசி மாதம் எமன் வேஷம் கட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். பக்தி குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இரவெல்லாம் காமன் கூத்து ஆடி, காமனை எரிக்கும் அதே நாளில்தான் ‘நிழல்கோட்டை’ மூன்றாம் பாகம் வெளிவருகிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிழல்கோட்டை ஒரு கணினி விளையாட்டு. நாமே வீரனாகி, ஊர் ஊராக நடந்து, வழியில் பார்ப்பவர்களிடம் கதை கேட்டு, நல்ல வாளாகத் தேடிப் பிடித்து, கடைசியில் அரக்கனை அடிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் அதன் ரசிகன். இரண்டாம் பாகத்தை இன்னும் விடவில்லை. கினிகத்தேனையில் போன் திருத்தும் கடையில் வேலை முடிந்து, பஸ்ஸில் தொங்கி, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ஏறி வந்து உட்கார்ந்தால் எனக்கு அதுதான் உலகம். என் வீரனும் லேசுப்பட்டவன் இல்லை. முந்தின நாள் தோற்ற இடத்தைத் தாண்டி நிற்பான். நான் வாங்கியதாக ஞாபகமே இல்லாத கேடயம் வைத்திருப்பான். தூக்கக் கலக்கத்திலும் இப்படி விளையாடுகிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

மூன்றாம் பாகம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கொள்கை உண்டு. என் மனைவி கிருஷாந்தி ரொட்டி சுடும்போதெல்லாம் பக்கத்தில் நின்று அதைச் சொல்லியிருக்கிறேன். வரைபடத்தைத் தொட்டதும் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது, நடக்க வேண்டும். தொடக்கப் பாட்டை மாற்றக் கூடாது. பழைய ஆட்களைத் தூக்கிவிட்டுப் புதுமுகம் போடக் கூடாது. புதிதாக வருகிறவனுக்காகக் கதையைச் சுருக்கினால் பழைய ரசிகன் எங்கே போவான்? கிருஷாந்தி முன்பள்ளி ஆசிரியை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவாள். சின்னப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுப் பழகிய பொறுமையோடு ‘ம்’ கொட்டுவாள்.

நேராக மறுத்தால் கூத்து மாஸ்டர் பொன்னையா அண்ணன் விடமாட்டார். ஆகவே கூத்தையே சுருக்கிவிடத் திட்டம் போட்டேன். கோயிலில் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்றேன். மேட்டு லயம், பணிய லயம் என்று ஏறி இறங்கி வீடு வீடாக ஆடுவானேன், மைதானத்தில் ஒரே இடத்தில் ஆடலாம் என்றேன். தூதன் பாட்டு நீளம், வெட்டலாம். தப்பு மேளத்துக்குப் பதில் ஸ்பீக்கர் வைக்கலாம். எமனாக இந்தமுறை மதுரன் வரட்டும், இளைஞர்களுக்கு வழிவிட வேண்டாமா? நான் பேசி முடித்தபோது, இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீடு திரும்பும்படியான ஒரு காமன் கூத்து தயாராகிவிட்டது. இரண்டொருவர் தலையாட்டவும் செய்தார்கள். மதுரன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பெண்கள் பக்கத்திலிருந்து கிருஷாந்தி எழுந்தாள்.

“மாஸ்டர், இவரு எங்கிட்ட வேற மாதிரில்ல சொல்லுவாரு. கம்பியூட்டர் விளையாட்டுக்கே நடந்துதான் போகணும், பாட்ட மாத்தக் கூடாது, பழைய ஆள தூக்கக் கூடாதுன்னு வருசக்கணக்கா கத்துறாரு. ஒரு விளையாட்டுக்கே அம்புட்டு மொற இருந்தா, சாமி காரியத்துக்கு இருக்காதா?”

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

“அது வந்து... அது வேற, கிருஷா.”

“என்னாங்க வேற? கதய சுருக்குனா பழைய ரசிகன் எங்க போவான்னு நீங்கதானே கேட்டீங்க. இங்க இவ்வளவு பேரு ஒக்காந்திருக்காங்க. இவங்க எங்க போவாங்க?”

கிருஷாந்திக்குப் பக்கத்தில் இருந்த ராசம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொன்னையா அண்ணன் வந்து என் தோளைப் பிடித்து, முறை தெரிந்த ஆள் தோட்டத்துக்கு இப்படி ஒருத்தர் இருந்தால் போதும் என்றார். போன வருடம் நேரமில்லாமல் விட்ட பெக்டரி லயத்தையும் இந்தமுறை சேர்த்துக்கொண்டார்கள். விடிய விடிய ஆட்டம். எமன் நான்தான்.

கூத்தன்று எனக்கு முகத்தில் நீலம் பூசிவிட்டவளும் கிருஷாந்திதான். நீ வரவில்லையா என்று கேட்டேன். எமன் வேஷம் கட்டுகிறவர் வீட்டில் விளக்கு அணையக் கூடாது, யாராவது முழித்திருக்க வேண்டும், அதுதான் முறை என்றாள். மூன்றாம் பாகம் கைநழுவிய துக்கத்திலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பணிய லயத்துக்கு இறங்கும்போது பொன்னையா அண்ணனிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அப்படி ஒரு முறையே கிடையாதே தம்பி என்றார் அவர்.

விடிந்ததும், மீசை பாதி அழிந்து, பாசக்கயிற்றைத் தோளில் போட்டபடி வீட்டுக்கு வந்தேன். சொன்னபடியே விளக்கு அணையவில்லை. கணினியும் அணையவில்லை. கிருஷாந்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் மூன்றாம் பாகம். என் வீரன் ஏதோ ஒரு கோட்டைக்குள் வெகுதூரம் போயிருந்தான். அவன் கையில், இரண்டாம் பாகத்திலிருந்து கூடவே வந்த, நான் வாங்காத அதே கேடயம்.

“அந்தக் கேடயம்...” என்றேன்.

“பகல்ல நான் வாங்குனதுதான்” என்றாள், திரும்பாமலே. “இதுல தொடக்கப் பாட்ட மாத்திட்டானுங்க. ஒங்களுக்கு மனசு தாங்காது. நானே ஆடி முடிச்சிர்றேன், நீங்க போயி மூஞ்சியக் கழுவுங்க.”