கசங்காத புத்தகம்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி பீரோ, பீரோ நிறையக் கதைப் புத்தகம். பீரோ சாவி மட்டும் செங்கமலம் டீச்சர் கழுத்தில். எந்தக் காடு, எந்த ஊர்ப் பக்கம் என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அப்புறம் கேளுங்கள்.

செங்கமலம் டீச்சர் காட்டுக்கோழி. தங்கமான மனசுதான், குறை சொல்லக்கூடாது. ஆனால் புத்தகம் என்று வந்துவிட்டால் அடைகாக்கிற கோழி, கிட்டே போனால் கொத்திவிடுவார். ஒரு புத்தகம் தொலைந்தாலும், ஒரு தாள் கிழிந்தாலும் டீச்சர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது காட்டுச் சட்டம். பாவம், அவர் என்ன செய்வார்? வருஷம் ஒருதரம் பீரோவைத் திறப்பார், தூசி தட்டுவார், எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார், பூட்டிவிடுவார். பிள்ளைகள் கண்ணாடி வழியாக அட்டைப்படம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கென்று வாரத்தில் ஒரு பீரியடே உண்டு. அதற்குப் பெயர் நூலக வகுப்பு.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் எனக்கும் கதை இல்லை, உங்களுக்கும் வேலை மிச்சம். ஆனால் சிங்கராஜா ஒருநாள் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு புத்தகத்தைப் பிரித்தாராம். அது புதுச் செருப்பு மாதிரி கிறீச்சென்று சத்தம் போட்டதாம். ராஜாவுக்கு வந்ததே கோபம்! மறுநாளே சுற்றறிக்கை பறந்தது.

"இந்த வாரம் வாசிப்பு வாரம். வார முடிவில் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருவார். கசங்கிய புத்தகமே வாசித்த புத்தகம் என்று கொள்ளப்படும். கசங்காத புத்தகம் ஒன்று அகப்பட்டாலும் அந்த டீச்சருக்கு நரிப்பாறைக்கு மாறுதல்."

நரிப்பாறை என்றதும் டீச்சருக்கு இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் நரிக்குட்டிகள். அங்கே போன எந்தக் கோழி டீச்சரும் இரண்டாம் மாசச் சம்பளம் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அன்றைக்கே சாவி கழுத்தை விட்டு இறங்கியது. ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, "ம், கசக்குங்க கண்ணுகளா!" என்றார் டீச்சர்.

அட, அந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! யானைக்குட்டி புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. குரங்குப் பிள்ளைகள் விரலை எச்சில் பண்ணிப் பண்ணிப் பக்கத்தைத் தள்ளின. கரடிக்குட்டி தேன் தின்ற கையோடு புத்தகத்தைத் தொட்டுவிட்டுத் திருதிருவென்று முழித்தது. போன வாரமாக இருந்தால் அதன் காது கழன்றிருக்கும்.

"பரவாயில்லடா, இன்னும் கொஞ்சம் தடவு. சோறு தண்ணி மறந்து வாசிச்ச மாதிரி இருக்கும்" என்றார் டீச்சர்.

வெள்ளாட்டுப் பையன் வீரபாண்டிக்கு மட்டும் புத்தகம் கிடையாது. கையெழுத்து நோட்டு, வரைபடம், போன வருஷ ரேங்க் கார்டு எல்லாவற்றையும் தின்று தீர்த்த ஆள் அவன். "நீ கடைசி பெஞ்சுல கையக் கட்டி உட்காரு. கசக்கச் சொன்னா நீ காலி பண்ணிடுவ" என்று டீச்சர் தள்ளி உட்கார வைத்துவிட்டார்.

ஜன்னலோரம் ஒரு சருகுமான் குட்டி சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது. பெயர் தவமணி. குளம்பால் பக்கத்தை அலுங்காமல் திருப்புவதும், தனக்குத்தானே சிரித்துக்கொள்வதுமாக இருந்தது.

"ஏய் தவமணி, என்னடி பண்ற?"

"படிக்கிறேன் டீச்சர். செருப்பு வாங்கப் போன நண்டு கதை. நண்டு இப்பத்தான் கடைக்குள்ள போயிருக்கு. கடைக்காரன் அதோட காலை எண்ணிப் பார்த்துட்டு மயக்கம் போட்டுட்டான்!"

"நல்லா இருக்குடி நியாயம்! வாசிப்பு வாரமும் அதுவுமா உட்கார்ந்து படிச்சிட்டிருக்க? ஊரே வேலை பார்க்குது, கண்ணு தெரியலையா? கசக்கு, கசக்கு!"

"சரி டீச்சர்" என்றது தவமணி. டீச்சர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி நண்டோடு கடைக்குள் போய்விட்டது.

வார முடிவில் அதிகாரி வந்து இறங்கினார். கழுகு. கோழி டீச்சருக்குக் கழுகு அதிகாரி என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். டீச்சர் வணக்கம் வைத்தபடியே மேஜைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

கழுகு பெஞ்சு பெஞ்சாகப் போனார். "பேஷ்! அட்டையே காணோம். ஆழ்ந்த வாசிப்பு" என்றார் யானைக்குட்டியிடம். கரடிக்குட்டியின் புத்தகத்தைப் பிரிக்கவே முடியவில்லை. "விட மனசில்லாத வாசிப்பு" என்று எழுதிக்கொண்டார். டீச்சருக்கு உயிர் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் போன கழுகு சட்டென்று நின்றார்.

தவமணி கையில் புத்தகம் புதுக்கருக்கு மாறாமல் பளபளவென்று இருந்தது.

"இதை யாரும் தொடவே இல்லையா?"

"நான் படிச்சேங்க ஐயா. கடைசி ரெண்டு பக்கம்தான் பாக்கி. கதையைச் சொல்லட்டுமா?"

"கதை சொல்றதுக்கெல்லாம் சுற்றறிக்கையில இடமில்ல பாப்பா" என்ற கழுகு பேனாவைத் திறந்து, "டீச்சர், நரிப்பாறைக்கு எப்பக் கிளம்புறீங்க?" என்றார்.

டீச்சர் கண்ணுக்கு முன்னால் நரிக்குட்டிகள் வரிசையாக எழுந்து நின்று 'வணக்கம் டீச்சர்' சொல்லின. நாக்கு வேறு ஊறியிருந்தது, நரிக்குட்டிகளுக்கு. அவ்வளவுதான். பாய்ந்து தவமணி கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கினார்.

"டீச்சர், ரெண்டே பக்கம் டீச்சர்!" என்று கத்தியது தவமணி.

"வீரபாண்டி! இது உன் புத்தகம்டா!" என்று டீச்சர் கடைசி பெஞ்சுக்கு வீசினார்.

வீரபாண்டியால் நம்பவே முடியவில்லை. பிறந்ததிலிருந்து திட்டே வாங்கின பிள்ளை. "நிஜமாவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, டீச்சர் மனசு மாறுவதற்குள் ஆரம்பித்துவிட்டான், அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து. கழுகு பேனாவை மூடுவதற்குள் நண்டு, கடை, கடைக்காரன், அட்டை, எல்லாம் உள்ளே போய்விட்டது.

கழுகுக்கு அலகு மூடவில்லை. "அடேயப்பா! என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாசகனைப் பார்த்ததில்ல. ஒரு வரி மிச்சம் வைக்கலையே!"

சிறந்த வாசகர் சான்றிதழ் வீரபாண்டிக்கு. மேடையிலேயே அதையும் அவன் வாசித்து முடித்தான். கைத்தட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. தவமணியை மெல்லக் கற்போர் பட்டியலில் சேர்த்து, அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வீரபாண்டியையே போட்டுவிட்டுக் கழுகு பறந்துபோனார்.

பிள்ளைகள் எல்லாம் போனபிறகு தவமணி மெதுவாகக் கேட்டது. "வீரா, கடைசியில என்னடா ஆச்சு?"

வீரபாண்டி கண்ணை மூடி யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "பசை கொஞ்சம் தூக்கல். மத்தபடி நல்லா இருந்துச்சு" என்றான்.

தவமணி டீச்சரிடம் போனது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "டீச்சர், நண்டுக்கு அத்தனை காலுக்கும் செருப்பு கிடைச்சுதா?"

டீச்சர் வாயைத் திறந்தார். அந்தப் புத்தகம் எந்தத் தட்டு, எத்தனையாவது, அட்டை என்ன நிறம், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எத்தனை வருஷம் தன் இறகாலேயே தூசி தட்டியிருக்கிறார்! ஒருநாள்கூட உள்ளே பிரித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதைவிட, நண்டுக்கு என்னதான் ஆகியிருக்கும் என்று அவருக்கே மனசு அடித்துக்கொண்டது.

ஆனால் டீச்சர் டீச்சர்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா" என்றார்.

நீதி: புத்தகத்தைத் தொட்டால் முழுசாகத் தின்று தீர்த்துவிடுங்கள். ஆசையாகப் படித்துக்கொண்டிருந்தால் பரிசும் கிடைக்காது, முடிவும் தெரியாது.