லோயிஸ் நடந்தே தீருவாள்

"ஏறுங்கம்மா, வீட்டாண்ட உட்டுட்றேன்" என்று ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினான் ஒருவன்.

லோயிஸ் வீட்டைவிட்டு இருநூறு அடிகூட வரவில்லை. மூன்று நாளாக இதே கதை.

"நான் நடக்கத்தாம்பா வந்தேன்."

"தெரியுதும்மா. இனிமே நடக்க வாணாம், ஏறுங்க."

ஆந்திர எல்லையிலுள்ள நகரியில் ஒரு பெண்மணி வெறுங்கையோடு ரோட்டில் நடந்தால், பஸ்ஸைத் தவறவிட்டவள் என்று அர்த்தம். அதிலும் தலைமையாசிரியர் தேவானந்தத்தின் மனைவி என்றால் கேட்கவே வேண்டாம். அவரிடம் அடி வாங்கிப் படித்த பாதி ஊரும் பிரேக் போடும். லோயிஸுக்கு முகத்தில் அடித்தாற்போல் மறுக்க வராது. ஏறினாள்.

அவளுக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டிருந்தது. "முப்பது நாள் விடாம நடங்க. மொதல்ல மனசுதான் சாக்கு சொல்லும். அதை ஜெயிச்சிட்டா கால் தானா போகும். இல்லேன்னா இன்சுலின் ஊசிதான்" என்றிருந்தார் டாக்டர். ஊசியைப் படத்தில் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவள் லோயிஸ்.

"நீயாவது நடக்கறதாவது. நாலு நாள் தாங்குனா பெருசு" என்றார் தேவானந்தம், வடையைக் கடித்துக்கொண்டே. ஊசியைவிட அந்தப் பேச்சு அதிகம் குத்தியது. நடந்தே தீருவது என்று அப்போதே முடிவு கட்டினாள்.

பாவம், அவள் மனசு ஒரு சாக்கும் சொல்லவில்லை. சாக்கையெல்லாம் ஊரார் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள்.

நான்காம் நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லோரிடமும் ஒரே பதில் சொன்னாள். "இப்ப வூட்டுக்குப் போக மாட்டேன். நீ போப்பா."

மாலையில் சபையிலிருந்து ஈவ்லினும் நான்கு பெண்களும் வந்து முழங்காலிட்டார்கள். லோயிஸ் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறாளாம். குடும்ப சமாதானத்துக்காக முக்கால் மணி நேரம் ஜெபம் நடந்தது.

"பொறுத்துக்கோ அக்கா. சார் கோவக்காரருதான், ஆனா மனசு தங்கம்" என்றாள் ஈவ்லின்.

தேவானந்தம்தான் எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னார்.

மறுநாள் ஊருக்குள் நடப்பதே வேண்டாமென்று, திருப்பதிக்குப் போகிற புத்தூர் ரோட்டைப் பிடித்தாள். புது ஷூ கடித்திருந்ததால் வெறுங்கால். வியர்வைக்குத் தோதாக ஒரு பழைய மஞ்சள் நூல்புடவை.

அதிசயம், ஒரு வண்டியும் நிற்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். புரட்டாசி மாதத்தில் அந்த ரோட்டில் மஞ்சள் கட்டி வெறுங்காலோடு போகிறவர்கள் யாரென்று அவளுக்கு உறைப்பதற்குள், ஒரு பெரியவர் காலில் விழுந்துவிட்டார்.

"கோயிந்தா சொல்லி ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா."

"ஸ்தோத்திரம்" என்றது லோயிஸின் வாய், பழக்க தோஷத்தில்.

"அதுவும் நல்ல வார்த்தைதான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் அவர்.

சற்றுத் தள்ளியிருந்த அன்னதானப் பந்தலில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல். "சுகர் இருக்குதுப்பா" என்றாள். "பெருமாளாண்ட போறவங்களுக்கு சுகராவது ஒண்ணாவது" என்று இன்னொரு கரண்டி விழுந்தது. பின்னால் வந்தவளிடம் தொன்னையைத் தள்ளினால், கை காலியாக இருக்கிறதே என்று வேறொன்று வந்தது. தப்பித்து வேகமாக நடந்தாள். திருவள்ளூரிலிருந்து வந்த கூட்டம் ஒன்று, "ஒத்தையில போவாதீங்கம்மா" என்று நடுவில் சேர்த்துக்கொண்டது. பேச்சு சுவாரசியத்தில் புத்தூரே வந்துவிட்டது.

பாதம் எரிந்தது. ஆனாலும் லோயிஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு தூரம் அவள் பிறந்ததிலிருந்து நடந்ததில்லை.

அப்போது பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டியவன் முரளி, தேவானந்தத்தின் பழைய மாணவன்.

"அம்மா, எக்கண்டி. ஏறுங்க, வூட்டுக்குப் போலாம்."

இடுப்பில் முந்தானையைச் செருகினாள் லோயிஸ். "மாட்டேன். தூக்கினு போனாலும் குதிச்சி நடப்பேன். இன்னைக்கி அஞ்சாவது நாளு. இன்னும் இருவத்தஞ்சி நாளும் நடப்பேன்னு போய் உங்க சாராண்ட சொல்லு. உங்க ஊர்ல நடக்கறவளை நடக்க உட மாட்டீங்களாடா?"

முரளி தலையைச் சொறிந்தான்.

"கோச்சிக்காதீங்கம்மா, சாருக்கு உங்களைவிட சுகர் ஜாஸ்தியாம், நீங்க முப்பது நாள் நடந்துட்டா அவரும் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாராம், அதான் அம்மாவ எங்க பார்த்தாலும் வண்டியில ஏத்திக்கினு வந்துடுங்கடான்னு பழைய ஸ்டூடன்ஸ் குரூப்ல தெனம் காலையில மெசேஜ் போட்டுக்கினுகிறாரு."