எல்லாரும் ரெடியா?

குளியலறைக் கதவு திறக்கவில்லை. அவர் உள்ளே நின்று இழுத்துப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார், கடைசியில் கெஞ்சியும் பார்த்தார். வெளிப்பக்கத் தாழ்ப்பாள் ஒரு வருஷமாக லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்கென்று பார்த்து விழுந்து தொலைத்திருக்கிறது.

கைக்கடிகாரத்தில் மணி ஏழு முப்பத்தைந்து. ரயில் எட்டு நாற்பதுக்கு. ஸ்டேஷனுக்கு இருபது நிமிஷம். போன வருஷம் மாமியார் மூக்குக்கண்ணாடிக்கும் மச்சான் சார்ஜருக்கும் பாதி வழியில் திரும்பி வந்ததில் ரயில் போய்விட்டது. "இந்தத் தடவையும் விட்டோம்னா, டூர்ங்கிற பேச்சே இனி இந்த வீட்ல கிடையாது" என்று மனைவி தீர்மானமாகச் சொல்லியிருந்தாள்.

அதனால்தான் அவர் ஆபீஸ் முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு, கம்ப்யூட்டர்களில் தகவல் சேர்த்துவைக்கும் டேட்டாபேஸின் வயிற்றுக்குள்ளே வேலை. நாலு கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் ஒரு மாற்றம் நடக்க வேண்டுமென்றால், அவர் எழுதிய புரோகிராம் ஒவ்வொன்றிடமும் "ரெடியா?" என்று கேட்கும். ரெடி என்று சொன்னது அப்புறம் பின்வாங்கக் கூடாது. நாலும் சொன்ன பிறகே உத்தரவு போகும். அதுவரை எதுவும் முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது.

ஏழரைக்கு ஹாலில் நின்று அப்படியே கேட்டார்.

"ரெடிங்க" என்றாள் மனைவி.

"ரெடி மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

"ரெடி மாமா" என்றான் மச்சான்.

"ரெடிப்பா" என்றாள் ஆறு வயது மகள்.

"அப்ப எல்லாரும் கார்ல உக்காருங்க. நான் நேர்ல வந்து 'கிளம்பு'ன்னு சொல்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. வேற யார் வந்து சொன்னாலும் கேக்காதீங்க!"

செல்போனையும் மனைவியின் பையில் போட்டுவிட்டு, குழாயைச் சரியாக மூடியிருக்கிறார்களா என்று பார்க்க உள்ளே போனார். அவ்வளவுதான்.

பத்து நிமிஷம் தட்டினார். ஈ காக்கை வரவில்லை. முதலில் பெருமையாகத்தான் இருந்தது, ஒருத்தர்கூட இறங்கவில்லையே! பிறகுதான் விஷயம் உறைத்தது. கேட்கிற ஆளே நடுவில் விழுந்துவிட்டால், ரெடி சொன்னதெல்லாம் சொன்ன இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். மேனேஜர் இதைக் கேட்டபோது, "அதெல்லாம் ஆயிரத்துல ஒண்ணு சார்" என்று இவர்தான் மேனேஜரின் வாயை அடைத்திருந்தார்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, வென்டிலேட்டர் வழியாகக் கத்தினார். சந்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் நிமிரவே இல்லை. சோப்பை எடுத்து எறிந்தார். அது நேராக அவர் வழுக்கையில் போய் விழுந்தது.

"என்ன சார் இது, காலங்காத்தால!"

"மன்னிச்சுக்குங்க சார்! உள்ளே மாட்டிக்கிட்டேன். வாசக் கதவுச் சாவி கார்ல இருக்கவங்ககிட்ட இருக்கு, அவங்களை வந்து திறக்கச் சொல்லுங்க!"

போனவர் ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பினார். முகத்தில் சிரிப்பை அடக்குகிற பாடு தெரிந்தது.

"வர மாட்டாங்களாம் சார். யார் வந்து சொன்னாலும் கேக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாமே?"

"ஐயோ, நான்தான் சொல்லச் சொன்னேன்னு சொல்லுங்க!"

"சொல்லிட்டேன். அதையும் நீங்க நேர்ல வந்து சொல்லணுமாம்."

ஆத்திரத்தில் வாளி மேல் நின்றபடியே கதவை எட்டி உதைத்தார். வாளி நழுவியது. பிடிமானத்துக்கு அவர் பற்றிய குழாய் முழுசாகத் திறந்துகொண்டது. ஷவர் தலை முதல் கால் வரை கொட்டித் தீர்த்தது. எட்டு மணிக்குப் புதுச் சட்டை சொட்டச் சொட்ட அவர் தரையில் உட்கார்ந்திருந்தபோது, தாழ்ப்பாள் விலகியது. முதுகில் பையோடு மகள் நின்றாள்.

"என் தங்கமே! நீயாவது காரை விட்டு இறங்கி வந்தியே! இந்தப் பாழாப்போன தாழ்ப்பாள் தானா விழுந்துடுச்சும்மா."

"தானா விழலப்பா, அம்மாதான் போட்டாங்க, நீ கேட்டப்ப யாருமே ரெடி இல்ல, இப்பத்தான் எல்லாரும் ரெடி, நீ ரெடியான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."