முப்பத்தெட்டு அங்குலத் துல்லியம்

படித்து முடித்த கையோடு ஊரைத் திருத்தப் புறப்படுகிறவர்களை ஒரு வருடமாவது கட்டிப்போட்டு வைக்க வேண்டும். என்னை ஒருவரும் கட்டிப்போடவில்லை. அதனால் இருபத்திரண்டு பிள்ளைகளின் படிப்பு பாழாகப் பார்த்தது.

யுத்த காலம். தோப்பூர்ப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. விவசாயம், தச்சு, தையல் என்று மூன்று பிரிவு. எல்லாப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் அறிக்கை எழுதவும் கொம்பியூட்டர் பழகவும் உதவுவது என் பொறுப்பு. (இருந்தது ஒரேயொரு கொம்பியூட்டர். அதுவும் ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் கிடைத்த நாட்களில்தான் கண் திறக்கும்.)

பழைய அறிக்கைகளைப் பார்த்தேன். எல்லாம் வழவழா கொழகொழா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்: எங்கே, எத்தனை, எப்போது. கண்ணால் கண்டதை அளந்து எழுதுங்கள், வரைபடம் போடுங்கள் என்று மூன்று பிரிவிலும் ஏறி இறங்கிப் பிரசங்கம் செய்தேன்.

விவசாய மாஸ்டர் மட்டும் ஒருநாள் மெல்லச் சொன்னார். "மிஸ், இந்தப் பக்கத்தில ஒண்டையும் சரியாச் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. எப்ப வெளிக்கிட்டனீங்கள் எண்டு சென்றியில காவலுக்கு நிக்கிற ஆமி கேட்டாலும், காலமை எண்டுதான் சொல்லுவம்."

"அதுதான் மாஸ்டர், எங்கட ஆக்களுக்கு எழுத்து வருதில்லை" என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இறுதி அறிக்கைகளைத் திருகோணமலைப் பரீட்சைப் பகுதியில் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வந்தது. தவறினால் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போய்விடும். எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு, கடலைக் கடக்கும் லோஞ்சைப் பிடிக்க மூதூர் ஜெட்டிக்குப் போனேன். தனக்கும் டவுனில் அலுவல் இருக்கிறதென்று மாஸ்டரும் கூட வந்தார். (ஓர் அலுவலும் இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

ஜெட்டியில் பையைச் சோதித்த ஆமி அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். முதலில் விவசாயம். ஆமிக் காம்பின் பின்வேலியிலிருந்து நூற்றி நாற்பது அடி தூரத்தில் வாய்க்கால், மாரியில் இடுப்பளவு தண்ணீர், கோடையில் நடந்தே கடக்கலாம், வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது. அடுத்தது தச்சு. சந்தைச் சென்றியில் நான்கு பலகைகள் உக்கிப்போயுள்ளன. தெற்குப் பக்கம் ஓர் ஆள் சாய்ந்தாலே விழும்.

அதிகாரி நிமிர்ந்தார். "இது யார் எழுதச் சொன்னது?"

"நான்தான் சேர்." பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன், சத்தியமாக.

மூன்றாவது தையல். மூதூர்த் தையல்கடையில் திருத்தக் கொடுத்த காம்ப் காற்சட்டைகள் கிழமைக்கு எத்தனை, யாருடையது, இடுப்பு எத்தனை அங்குலம் என்று அழகான அட்டவணை. அதிகாரியின் விரல் ஒரு வரியில் நின்றது. அவருடைய பெயர் அங்கே இருந்தது.

"முப்பத்தெட்டு பிழை. நான் முப்பத்தாறு."

அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். "இல்லை சேர், பிள்ளை ரெண்டு தரம் அளந்தவள்" என்றேன்.

பக்கத்தில் துவக்கோடு நின்ற சிப்பாய் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. பையைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். லோஞ்ச் எங்களை விட்டுவிட்டு வெளிக்கிட்டது. அன்றைக்கு இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. என்னைப் பிடிப்பார்கள் என்பதைவிட, ஒவ்வோர் அறிக்கையிலும் பிள்ளைகளின் பெயரும் விலாசமும் இருக்கிறதே என்றுதான் பயந்தேன். அதையும் துல்லியமாக எழுதச் சொன்னவள் நான்தான்.

மாஸ்டர் முன்னால் வந்தார். "சேர், இவ புதுசு. உலகம் தெரியாது. இவ சொன்னதைத்தான் பிள்ளையள் எழுதினதுகள். எது கூடாதெண்டு சொல்லுங்கோ, வெட்டுறம்."

அதிகாரி மூன்று கட்டையும் மறுபடி புரட்டினார். "எல்லா நம்பரும் வெட்டு. எல்லா இடமும் வெட்டு. படம் எல்லாம் இங்க குடு." பிறகு குரலைத் தாழ்த்தி, "தையல் முதல்ல" என்றார்.

ஜெட்டி மரவாங்கில் உட்கார்ந்து வெட்டினோம். இடங்களெல்லாம் 'ஓரிடம்' ஆயின. எண்ணிக்கையெல்லாம் 'சில' ஆயிற்று. 'ஓரிடத்தில் வாய்க்கால் போகிறது. சில காலம் தண்ணீர் இருக்கும். சில காலம் இராது.' மூன்று மாதம் வெயிலில் நடந்து அந்த வாய்க்காலை அளந்த பிள்ளையை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்டர் பேனையை வாங்கி மிச்சத்தைத் தானே வெட்டினார். கடைசி லோஞ்சைப் பிடித்தோம்.

இருபத்திரண்டு பேரும் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். கூடவே எனக்கு ஒரு கடிதம்: அறிக்கைகள் தேவையற்ற விபரங்களைத் தவிர்த்து, முதிர்ந்த நடையில் அமைந்துள்ளன, ஏனைய கல்லூரிகளுக்கும் மாதிரியாக அனுப்பப்படும். அதிபர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கொம்பியூட்டருக்கு மேலே கொழுவினார். அதற்குக் கீழே இருந்துதான் நான் இன்னும் மூன்று வருடம் படிப்பித்தேன்.

மாஸ்டரையே கட்டிக்கொண்டேன். எங்கே போறீங்கள், எப்ப வருவீங்கள் என்று கேட்டால், "ஓரிடத்துக்கு. சில நேரத்தில வருவன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுப்பார். எங்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரும்.

யுத்தம் முடிந்து எவ்வளவோ காலத்துக்குப் பிறகு, குடிசன மதிப்பீட்டுக்கு ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்தார். பேனையைத் திறந்துகொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

"சில பேர்" என்றேன்.

உள்ளே மாஸ்டர் சிரிக்கிற சத்தம் கேட்டது.