எட்டு கேமராவும் ஒரு வழுக்கையும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவின் கணவன் என்ற பதவியில் இன்னும் நீடிக்கும் அத்தான் எழுதுவது. நீங்கள் மாட்டிவிட்ட வீடியோ ரெக்கார்டரைத் தவிர இங்கு எல்லோரும் நலம். உங்கள் புது வீட்டுக் குளியலறை வேலை நல்லபடியாக முடியட்டும்.

நம் குழாய்க்கடையில் பித்தளைக் குழாய்கள் மாயமாவதைச் சொல்லி நான் புலம்பியபோது, "நான் விக்கிற மெஷின மாட்டுங்க அத்தான், ஈ பறந்தாலும் பதிவாகும்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். உங்கள் கடை மெக்கானிக் வந்தார். "இது ரேக்ல மாட்டுற மெஷின் சார், ரேக் எங்க?" என்றார். "கடையே ரேக்தானய்யா" என்று குழாய் அடுக்கும் தகர ரேக்கைக் காட்டினேன். அவரும் மகராசனாகத் திருகிவிட்டுப் போனார். மறுநாள் மெஷின், ரேக், அதன்கீழ் இருந்த மூன்று வாஷ்பேசின் எல்லாம் ஒன்றாகத் தரையில் கிடந்தன. மெஷினுக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை, உங்கள் சரக்கல்லவா. "திருடனைப் பிடிக்கிற மெஷினையே திருடன் தூக்கிட்டா?" என்று உங்கள் அக்கா அதைப் பின்னறை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காற்றில்லாமல் சூடேறி அது உள்ளே கீச்கீச்சென்று கத்த, பீரோ அழுவதைக் கேட்ட வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிய ஷவரையும் விட்டுவிட்டு ஓடினார். இப்போது பீரோவைத் திறந்து கடையின் ஒரே மின்விசிறியை அதன்முன் வைத்திருக்கிறோம். நான் அட்டையால் விசிறிக்கொள்கிறேன்.

கேமரா கதை இதைவிட அழகு. நம் விற்பனையாளர் மேல் எனக்குச் சந்தேகம் என்று எட்டையும் அவர் பக்கமே திருப்பச் சொன்னேன். "சரியான யோசனை அத்தான்" என்று முதுகில் தட்டியவர் நீங்கள். விளைவு, அவர் வழுக்கையை எட்டுக் கோணத்தில் தினமும் பார்க்கிறேன். அவர் டீ குடிக்கிறார், காது குடைகிறார், கொட்டாவி விடுகிறார். குழாய் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. எப்படியோ அவர்தான் எடுக்கிறார் என்று, இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டேன். இருபது வருஷம் வேலை பார்த்தவர் சண்டைகூடப் போடவில்லை. "சரி முதலாளி, அதுவரைக்கும் தலைய எந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கணும்னு சொல்லிடுங்க" என்றார். எனக்குக் கோபந்தான் வந்தது.

ஆகவே இந்தத் தண்டத்தை உடனே வந்து எடுத்துப்போங்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். மெஷின் தங்கம். கேமராவின் சிவப்பு விளக்கு கண்ணில் குத்துகிறதென்று விற்பனையாளர் ஒன்றை மட்டும் குழாய் ரேக் இருக்கும் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். அதில் ஞாயிற்றுக்கிழமை "மெஷினச் செக் பண்ண" வந்த நீங்கள் இரண்டு குழாயையும் ஒரு ஷவரையும் பையில் போடுவது வெகு தெளிவாகத் தெரிகிறது. விற்பனையாளரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், மின்விசிறியும் இனி அவருக்குத்தான். உங்கள் அக்காவிடம் இன்னும் காட்டவில்லை. குளியலறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஞாயிறன்று வாருங்கள், எட்டு கேமராவும் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும்.