அதிர்வு மகானும் என் நாத்தனாரின் கிட்டாரும்

அதிர்வு மகான் ஊருக்குள் வந்ததிலிருந்து, கையால் செய்த கிட்டார் வைத்திருப்பவர்களுக்குத் திடீர் மவுசு. தொழிற்சாலைக் கிட்டாரை மகான் தொடமாட்டார். அதற்குள் ஆள் இல்லையாம். கையால் மரத்தை இழைத்து, வளைத்து, ஒட்டுகிறவரின் மூச்சுதான் நடுத்துளை வழியாக உள்ளே போய்த் தங்குமாம். செத்த பிறகு அங்கிருந்தே பேசுவாராம். வாடகை வீடு தேடுகிறவர்கள் கவனிக்கவும்: முன்பணம் இல்லாத ஒற்றை அறை!

மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் ஒரு மரப்பெட்டி, அதன்மேல் கிட்டார். "வந்துட்டியா?" என்பார் மகான். யாரும் தொடாமலே தந்தி நடுங்கும். 'ஊம்ம்ம்' என்று ஒரு முனகல். கூட்டம் அழும், விசிலடிக்கும், மயங்கி விழும். மயங்கியவர் எழுந்து முன்வரிசையில் இடம் பிடிப்பார். அதோடு அந்தக் கிட்டார் வீடு திரும்பாது. ஆன்மாவுக்கு மண்டபம்தான் பிடித்திருக்கிறதாம்.

என் கணவர் கிட்டார் செய்கிறவர். அவருக்கும் அவர் தங்கைக்கும் ஒரே பட்டறை, ஒரே அச்சு. அவர் செய்தது மின்சாரம் வேண்டாத அக்கூஸ்டிக், அவள் பெரும்பாலும் அடித்தொனி கொடுக்கும் எலெக்ட்ரிக் பேஸ் கிட்டார். அவர் இறந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. கடைசியாக அவர் செய்த கிட்டார் பட்டறையை ஒட்டிய என் அறைச் சுவரில் தொங்கியது. மேல்பலகையைக் கட்டைவிரலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடி இழைத்து, மறுபடி தட்டிச் செய்தது. அதைத்தான் மகானிடம் கொடுக்க வேண்டும் என்றார் மாமியார்.

"ஒரே ஒரு தடவை அவன் குரலைக் கேட்டுடறேன்மா. தடுக்காதே."

அழுதவரின் கண்ணைத் துடைத்துவிட்டேன். பட்டறைக்குள் போய் உட்கார்ந்தேன். நாத்தனார் ஒரு பேஸின் கழுத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கிட்டாரை முன்னாடியே வாங்கிக்கிறானாமே, எதுக்கு?"

"சுத்தம் பண்ணவாம்."

"மேடைக்கு வரும்போது சுருதி சேர்ந்திருக்குமே?"

"ஆமா, எல்லாருக்கும் அப்படித்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் மரத்தூள் பறந்தது. "ஒரே சுருதியில ரெண்டு இருந்தா, ஒண்ணு பாடினா இன்னொண்ணு தானா நடுங்கும். நான் இங்க பேஸை மீட்டினா அண்ணன் கிட்டார் சுவத்துல தொங்கிட்டே முனகுமே, மறந்துட்டீங்களா? போன வருஷம் நான் ஒரு அக்கூஸ்டிக் செஞ்சேன்ல, அதே அச்சு, அதே மரம். அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது. அதை அனுப்புவோம்."

அனுப்பினோம்.

"வந்துட்டியா?"

ஊம்ம்ம்.

மாமியார் எழுந்தார். "சாப்பிட்டியாப்பா?"

ஊம்ம்ம்.

"வலி இன்னும் இருக்கா?"

ஊம்ம்ம்.

"இல்லைன்னு சொல்றார்," என்று மகான் மொழிபெயர்த்தார். ஆவி மொழியில் ஆமாவுக்கும் இல்லைக்கும் ஒரே சொல்தான். எங்கள் வீட்டு ஆண்கள் உயிரோடு இருக்கும்போதே அப்படித்தான் பேசுவார்கள்.

நாத்தனார் கையைத் தூக்கினாள். "ஐயா, உள்ளே யாரு? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"இதைச் செய்து மறைந்த ஆத்மா. மூச்சு முழுசா உள்ளே இருக்கு."

"செஞ்சவங்க செத்தது உறுதியா?"

"சந்தேகமே வேண்டாம்!"

"அது நான் செஞ்ச கிட்டார் ஐயா. இங்க மூணாவது வரிசையில ஃபேன் காத்துகூட வராம உட்கார்ந்திருக்கேன்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மகான் மைக்கை விழுங்குவது போல நெருங்கி, "தங்கை கை வழியாக அண்ணன்..." என்று ஆரம்பித்தார்.

"என் கண்ணு முன்னாலயே என் பொண்ணைச் சாகடிச்சிட்டியேடா!" மாமியார் மேடை ஏறிவிட்டார். நானும் ஏறினேன். தந்திகள்மேல் உள்ளங்கையை அழுத்தினேன். தந்தி அடங்கியது. ஊம்ம்ம் அடங்கவில்லை. கிட்டாரையே தூக்கிவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்ட பயணி போல ஆன்மா பெட்டியிலேயே நின்றது. மாமியார் பெட்டியைக் கவிழ்த்தார். அடியில் ஸ்பீக்கர். அதன் கம்பி திரைக்குப் பின்னால் போனது. அங்கே ஹெட்போனோடு ஒரு சீடர், கண்ணை மூடி, பேஸ் கிட்டாரை உருகி உருகி மீட்டிக்கொண்டிருந்தார். மகான் மைக்கைப் போட்டுவிட்டு ஓடியதால், சீடரை நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

"அடப்பாவி, என்கிட்ட வாங்கின பேஸு!" என்று கத்தினாள் நாத்தனார். "கழுத்தை இப்படியா பிடிப்பே?"

சிரிப்பில் மண்டபமே குலுங்கியது. அவரவர் கிட்டாரை அவரவர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்டார்: "அப்போ அவன் பேசவே மாட்டானா?"

"மாட்டார் அத்தை."

சுவரிலிருந்து அவருடைய கிட்டாரை இறக்கி மாமியார் மடியில் வைத்தேன். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு தந்தியைத் தட்டினார். ஒலித்தது. தட்டியதால் ஒலித்தது.

அடுத்த மகான் எங்கோ பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருப்பார். அவர் காலில் விழுவதானால் விழுங்கள், உங்கள் முதுகு, உங்கள் விருப்பம். அவ்வளவு தூரம் குனிகிறவர்கள், தலையைக் கொஞ்சம் திருப்பி, பெட்டிக்கு அடியிலும் ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.